ஆளுக்கொரு காது

இராஜபாளையம்
8 ஜூன் 2025

ஜெபா,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேற்று பக்ரீத். வருடா வருடம் உங்கள் வீட்டுக்குப் பிரியாணி எடுத்து வரும் எவர்சில்வர் தூக்குவாளியைக் கை தன்னால் எடுத்துக் கழுவிவிட்டது. கழுவிய பிறகுதான் நமக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்பது ஞாபகம் வந்தது. துடைத்து மறுபடி பரணில் ஏற்றினேன். நேற்று முழுக்க மனசே சரியில்லை.

வாட்ஸப்பில் உன்னைத் தடுத்து வைத்ததை எடுத்துவிட்டேன். ஆனாலும் அதில் எழுத மனம் வரவில்லை. அனுப்பிவிட்டு, டிக் எப்போது நீலமாகும் என்று பார்த்துக்கொண்டே உட்கார என்னால் ஆகாது. தபாலில் அந்தத் தொல்லை இல்லை. பத்துப் பதினோரு கிலோமீட்டருக்குக் கடிதம் எழுதும் ஆட்கள் இந்த ஜில்லாவிலேயே நாம் மட்டும்தான் இருப்போம். தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எதுக்கு? ரேடியோவுக்கு நேயர் கடிதம் போடப் போறியா?" என்கிறார்.

சமாதானத்துக்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பதால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். பெரிய திரை, நல்ல வேகம், எல்லாம் சரி. சத்தம் மட்டும் சகிக்கவில்லை. மானிட்டருக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரில் நம் பழைய பாட்டைப் போட்டால், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ பாடுகிற மாதிரி இருக்கிறது. மதியம் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் துப்பாக்கிச் சண்டை விளையாடுவேன். சிரிக்காதே, இந்த வயசிலும் விளையாடுகிறேன். அதற்கென்று விளக்கெல்லாம் மின்னும் ஹெட்செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். முக்காட்டின் மேல் மாட்டினால் வழுக்குகிறது. எதிரி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே கேட்கிறது. தினமும் சாகிறேன்.

சத்தம் என்றால் உன்னைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்? என்ன வாங்க வேண்டும் என்று சொல். நேரில் வந்து கேட்டுப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. வர மாட்டாய் என்றும் தெரியும். போன தை மாதம் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் அத்தனை பேர் பார்க்க "ஏட்டி ஜெபா!" என்று கத்தியும் திரும்பாமல் போனவள்தானே நீ.

ஃபஸீலா


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 ஜூன் 2025

திருமதி ஃபஸீலா ஹபீப் ரகுமான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. தபால்காரர் அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "கையால எழுதுன லெட்டரப் பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று நின்று பேசிவிட்டுப் போனாராம். யார் எழுதியது என்று அம்மா கேட்டாள். நான் சொல்லவில்லை. கவரை முகர்ந்து பார்த்து "ஃபஸீலாதான்" என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். உன் வீட்டு அத்தர் அப்படி.

முதலில் காரியம். அந்த விளக்கு ஹெட்செட்டை யாருக்காவது கொடுத்துவிடு, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட ஆகும். ஏழு திசைச் சத்தம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது இரண்டே ஸ்பீக்கர். அதை ஏழாக நடிக்க வைத்தால் இரண்டும் கெட்டுப் போகும். கிணறு அங்கிருந்துதான் வருகிறது.

மற்றது சொல்ல எனக்கு விவரம் வேண்டும். மேசை எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது? தறி எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது? முக்காடு எந்நேரமும் போட்டிருப்பாயா, ஆபீஸ் வீடியோவுக்கு மட்டுமா? வயரைச் செருகும்போது எலி கீச்சிடுவது போல் சத்தம் வருகிறதா? இதெல்லாம் தெரியாமல் "நல்ல ஸ்பீக்கர் எது" என்று கேட்பது, ஆளைப் பார்க்காமல் ஜாக்கெட் தைக்கச் சொல்வது மாதிரி.

நேரில் வர முடியாது. சென்னை ரெக்கார்டிங் ஸ்டுடியோ வேலையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. இப்போது பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். சத்தத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. கூப்பிட வேண்டாம்.

கடைத்தெருவில் நீ கத்தியது எனக்குத் தெரியாது. நம்பினால் நம்பு. அன்றைக்கு ராத்திரி நீ அனுப்பியதை மட்டும் நான் மறக்கவில்லை. "மெட்ராஸ் போய்ட்டு வந்ததும் எங்களையெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியல, இனி நீ யாரோ நான் யாரோ." பதில் எழுதலாம் என்று பார்ப்பதற்குள் தடுத்துவிட்டாய்.

ஜெபா


இராஜபாளையம்
18 ஜூன் 2025

ஜெபா டீச்சருக்கு,

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில். மேசை மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். பேண்டேஜ் துணித் தறி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஓடும். அந்தச் சத்தம் காதுக்குக் கேட்பதைவிடக் காலுக்குத்தான் அதிகம் கேட்கும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் வட்டம் வட்டமாக ஆடும்.

இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சத்தமே இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரு காது மந்தம். மாமாவுக்கு இடது காது கேட்காது, மாமிக்கு வலது காது. கல்யாணமாகி வந்த புதுசில் சாப்பிட உட்காரும்போது யாருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழிப்பேன். மாமிதான் சொல்லிக் கொடுத்தார். "நல்ல காது எதுன்னு பாத்து அந்தப் பக்கம் உக்காருட்டி. இந்த வீட்டு மரியாத அதுதான்." இப்போது எங்கே விருந்துக்குப் போனாலும் என் கால் தன்னால் அந்தப் பக்கம் போய்விடும்.

முக்காடு ஆபீஸ் வீடியோவின்போது போடுவேன், பிறகு எடுக்க மறந்து அப்படியே விளையாடுவேன். எலிச் சத்தம் வருகிறது. உனக்கு எப்படித் தெரிந்தது?

இதை எழுதும்போது உன் வீட்டுச் சனிக்கிழமைகள்தான் கண் முன்னால் நிற்கின்றன. உன் அண்ணன் எட்வின் மதுரையிலிருந்து அட்டைப் பெட்டியோடு சுமந்து வந்த ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு குட்டி, ஒரு பெரிய வூஃபர். மேசைக்கு அடியில் அது உறுமினால் அடுக்களையில் பாத்திரம் எல்லாம் ஆடும். கார் பந்தயத்தில் நான் மோதும்போதெல்லாம் உங்கள் அம்மா உள்ளேயிருந்து, "ஏட்டி, அந்தப் பூதத்த அமத்துங்க, பாலு பொங்கிருச்சுன்னு நெனச்சு நான் ஓடியாரேன்" என்பார். வூஃபருக்குப் பூதம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதைவிட காலேஜ் பஸ். நான் இங்கே ஏறி இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்து, பக்கத்து இடத்தில் பையைப் போட்டு வைப்பேன். உங்கள் ஊர் வரும்வரை யார் கேட்டாலும் "ஆள் வருது" என்று சண்டை போடுவேன். நீ ஏறியதும் பையை எடுப்பேன். கிருஷ்ணன்கோவில் போய்ச் சேரும்வரை ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது. அதிலும் நீ ஒரு சட்டக்காரி. எல் எழுத்து போட்டது ஃபஸீலாவுக்கு, ஆர் போட்டது உனக்கு, அதையும் வலது காதில்தான் வைப்பாய். மழைப் பாட்டு வந்தால் பாட்டில் இல்லாத எதையோ நீயாக முனகுவாய். "இட்டுக்கட்டாதட்டி" என்று எத்தனை தடவை உன் வாயைப் பொத்தியிருக்கிறேன்!

அப்படி இருந்தவர்கள் நாம். அசீனா கல்யாணத்தில் என்ன நடந்தது? எங்கள் மாமி உன் பக்கத்தில் வந்து நின்று சோறு வேணுமா என்று கேட்டார். நீ இலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுபடி கேட்டார். அப்போதும் அப்படியே. ராத்திரி என்னிடம், "ஒஞ்சேக்காளிக்கு நம்ம வீட்டுச் சோறு பிடிக்கலையோ?" என்று முகம் சுண்டிப் போய்க் கேட்டார். நாத்தனார் கல்யாணத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கு மேல்தான் கடைத்தெரு. தெருவே திரும்பிப் பார்த்தது, உனக்கு மட்டும் தெரியவில்லை என்கிறாய். நான் எதை நம்ப?

ஃபஸீலா


ஸ்ரீவில்லிபுத்தூர்
27 ஜூன் 2025

ஃபஸீலா,

உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்கு வலது காது கேட்காது. சென்னையில் இருக்கும்போதே போய்விட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தேன், அடைத்த மாதிரி இருந்தது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்தெல்லாம் பார்த்தேன். டாக்டர் நரம்பு என்றார். மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று. மதுரையிலும் காட்டியாயிற்று. சத்தம் திரும்பவில்லை. அய்யனார் கோவில் அருவிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் ஓயாமல் இருக்கிறது.

ஒரு காது போனால் பாதிச் சத்தம் போகும் என்று நினைப்பார்கள். திசைதான் போகும். யாராவது கூப்பிட்டால் எங்கேயிருந்து என்று தெரியாது. நாலு பேர் பேசும் இடத்தில் எல்லாம் ஒரே கூழாகிவிடும். நீ கத்தியிருப்பாய், அந்தச் சந்தடியில் அது என் பெயர் என்றே எனக்குத் தோன்றியிருக்காது. அசீனா கல்யாணத்தில் மாமி எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டுப் பார். வலப்பக்கமாகத்தான் இருக்கும். அவர் கேட்டதே எனக்குத் தெரியாது. அந்தச் சோற்றை நான் எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டேன் என்று அவரிடம் சொல்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எந்தச் சத்தம் இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று பிரித்து வைப்பதுதான் என் பிழைப்பு. அவளுக்கே காது போய்விட்டது என்றால் ஊர் என்ன பேசும்? அம்மாவுக்கும் எட்வினுக்கும் மட்டும் தெரியும். "ஐயோ பாவம்" என்ற வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்கப் பயந்தேன். நீ திட்டியதே மேல் என்று இருந்துவிட்டேன். கடிதம் என்றால் வசதியாக இருக்கிறது, இதற்குக் காதே வேண்டாம்.

நல்ல ஹெட்போன் இரண்டு வைத்திருந்தேன். எட்வினுக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டுக் கேட்பதையும் விட்டாயிற்று.

இனி உன் காரியம். சுவருக்குப் பின்னால் தறி ஓடுகிறது என்றால் ஸ்பீக்கரை மறந்துவிடு. தறியோடு போட்டி போட்டுச் சத்தத்தைக் கூட்டினால் உனக்கும் மந்தமாகும், விளையாட்டாகச் சொல்லவில்லை. தலையில் மாட்டுவதும் முக்காட்டுக்கு ஆகாது. காதுக்குள் போய் உட்காரும் இயர்போன் வாங்கு, வயர் வைத்தது. புளூடூத் என்றால் நீ செத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் துப்பாக்கிச் சத்தம் வரும். கூடவே மூன்று அளவில் ரப்பர் மூடி கொடுப்பார்கள், மூன்றையும் போட்டுப் பார். சரியாக அடைத்தால் தறிச் சத்தம் பாதியாகும், பூதமும் தானாக வரும். அடைக்காவிட்டால் எவ்வளவு உசத்தியான இயர்போனும் தகரம்தான்.

எலிச் சத்தம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருகிறது. யு.எஸ்.பி.யில் செருகுகிற மாதிரி கட்டைவிரல் அளவில் தனியாகச் சவுண்ட் கார்டு விற்கிறார்கள். அதைச் செருகி அதில் இயர்போனைப் போடு. பேசுவதற்கு மேசையில் தனி மைக். தறி ஓடாத நாளில் பாட்டுக் கேட்க ஆசையாக இருந்தால் மட்டும் வூஃபர் இல்லாத சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சுவரை விட்டுத் தள்ளி, உன் காது உயரத்துக்கு.

நேரில் வந்து கேட்டுச் சொல் என்கிறாய். அதைக் கேட்டுச் சொல்ல இரண்டு காது வேண்டும், ஃபஸீலா. என்னிடம் இல்லை.

ஜெபா


இராஜபாளையம்
9 ஜூலை 2025

ஏட்டி ஜெபா,

உன் கடிதத்தை அடுக்களையில் நின்றபடி படித்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். என் பக்கத்தில் நாலு வருடம் உட்கார்ந்து வந்தவளுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையே! உன்னைக் கடைத்தெருவில் பிடித்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன், இடப்பக்கம் வந்து.

மாமியிடம் சொன்னேன். அன்றைக்கு நின்ற பக்கத்தைக் கையை நீட்டிக் கணக்குப் பார்த்தார். பிறகு, "வலப்பக்கந்தான் நின்னேன். எனக்கு எடது காதுதான கேக்கும், அதான் அந்தப் பக்கமா வந்து நின்னேன். என் காதப் பாத்தேனே ஒழிய அந்தப் பிள்ள காதப் பாக்கல" என்றார். அதற்குப் பிறகு திட்டு முழுக்க எனக்குத்தான். "சேக்காளிங்க, எந்தக் காது நல்ல காதுன்னு தெரியாமலா ஒரு சேக்காளி? இந்த வீட்ல எல்லாருக்கும் ஒத்தக் காதுதான். அவ நம்ம வீட்டு ஆளுட்டி. வரச் சொல்லு." ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே அதைச் சொல்ல ஆரம்பித்தால் நாள் பூராவும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இப்போது கேள். நீ சொன்னபடியே இயர்போனும் கட்டைவிரல் கார்டும் வாங்கினேன். ரப்பர் மூடியில் சின்னதுதான் எனக்குப் பொருந்தியது. எலி ஓடிப் போய்விட்டது. முக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது. விளையாட்டில் இடப்பக்கம் ஓட்டுமேல் எவனோ நடக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிச் சுட்டேன், விழுந்தான். எனக்கே நம்ப முடியவில்லை.

பிறகு மழைப் பாட்டைப் போட்டேன். எல்லாம் வந்தது, வயிற்றுக்குள் பூதமும் வந்தது. இரண்டாவது அடியில் வலது காதில் திடீரென்று ஒரு பெண் முனகுகிறாள். பாடுகிறவருக்குப் பின்னால், தூரத்தில், வார்த்தை இல்லாமல். நாலு வருடம் கேட்ட பாட்டில் அவளை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். அது நீ முனகியது, ஜெபா! பஸ்ஸில் நீ முனகியது அப்படியே! நீ இட்டுக்கட்டவே இல்லை. அந்தப் பெண் வலப்பக்கம் மட்டும் இருக்கிறாள். எனக்கு இடப்பக்கம்தான் கொடுத்திருந்தாய். உன் வாயைப் பொத்திப் பொத்தி அந்தப் பெண்ணின் வாயைத்தான் பொத்தியிருக்கிறேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் நன்றாக அழுதேன்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும். அதைப் போட்டு, வலது காதிலிருந்ததை எடுத்துவிட்டு இடது காதால் மட்டும் கேட்டேன். எல்லாமே வந்தது, அந்தப் பெண்ணும் வந்தாள். இது உனக்குத் தெரியாமல் இருக்காது. ஏன் பாட்டை விட்டாய்? உனக்கு ஒரு காது மிச்சம் இருக்கும்போது எதற்காக இரண்டையும் மூடிக்கொண்டாய்?

ஞாயிறு மதியம் கொஞ்ச நேரம் தறியை நிறுத்தி வைப்பதாக மாமா சொல்லியிருக்கிறார். சின்ன ஸ்பீக்கரை நீ வந்து கேட்டுச் சொன்னால்தான் வாங்குவேன். மேசை முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். இடப்பக்கம் எனக்கு. வலப்பக்க நாற்காலியில் என் பையைப் போட்டு வைத்திருக்கிறேன். உட்கார வருகிறவர்களிடமெல்லாம் ஆள் வருது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் முறைக்கிறார்.

ஃபஸீலா


ஸ்ரீவில்லிபுத்தூர்
15 ஜூலை 2025

ஏட்டி ஃபஸி,

மோனோ பொத்தான் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். தெரிந்தும் போடவில்லை. அதைப் போட்டால் அந்தக் காது போனது போனதுதான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. நீ கேட்ட கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான்கூட.

ஒன்று சொல்கிறேன். காது போன புதிதில், ஹெட்போனை எட்வினுக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை மழைப் பாட்டைப் போட்டேன். வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடது காதில் மட்டும் கேட்டது. பாடுகிறவருக்கு அடியில் யாரோ விரலால் தட்டுகிற மாதிரி ஒரு தாளம், விட்டு விட்டு வந்தது. எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். பஸ்ஸில் நீ உன் டிபன் பாக்ஸ் மூடியில் தட்டிக்கொண்டே வருவாயே, அதே தட்டு. "சும்மா இருட்டி, பாட்டக் கெடுக்காத" என்று உன் கையைப் பிடித்து எத்தனை தடவை அமுக்கியிருக்கிறேன்! நீயும் இட்டுக்கட்டவில்லை. அது உன் பாதியில் இருந்தது. அதைக் கேட்டபோது நீ என்னோடு பேசாமல் இருக்கவில்லை, நல்லபடியாகத்தான் இருந்தாய். ஆனாலும் உன்னிடம் ஓடி வந்து சொல்லாமல், ஹெட்போனைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

வலது காதில் பாட்டு, இடது காதில் உன் பேச்சு. நாலு வருடம் அப்படித்தான் போனேன். போனது பாட்டுக் காது. மிஞ்சியிருப்பது உன் காது. இதை உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அம்மா பயந்து போய் வந்து என்னவென்று கேட்கும் அளவுக்கு அழுதேன், பிறகு சிரித்தேன்.

நேற்று அந்தப் பொத்தானைப் போட்டேன். பள்ளிக்கூடத்துப் பழைய இயர்போன், எண்ணெய்ச் சட்டி மாதிரி ஒரு சத்தம். ஆனாலும் உன் தட்டும் என் முனகலும் ஒரே காதில் ஒன்றாக வந்தன. இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டது நேற்றுதான்.

ஆக, பாட்டுக்கு மோனோ போதும். விளையாட்டுக்குப் போதாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்பது போய்விடும். அதற்கு எந்தக் கடையிலும் சாமான் கிடையாது, நீதான் வேண்டும். நீ இயர்போனைப் போட்டுக்கொண்டு என் இடப்பக்கம் உட்கார்ந்து, "வலது பக்கம் ஒருத்தன் வருதான்" என்று என் காதில் கத்து. நான் சுடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வாரேன். மாமியிடம் சொல், இந்தத் தடவை இடப்பக்கம் நின்று கேட்கட்டும், எத்தனை தடவை கேட்டாலும் சோறு போதும் என்று சொல்ல மாட்டேன். பரணிலிருந்து தூக்குவாளியையும் இறக்கி வை, அம்மா கேட்டாள்.

நாற்காலியிலிருந்து பையை எடு.

ஜெபா